நட்சத்திரம் ஏழு

கெஸ்ட்ரல் காரில் காலெடுத்து வைப்பதில்லை என்று லுவீனியா டிஸ்டேல் இருபத்தைந்து வருடமாக வைராக்கியமாக இருந்தாள். அந்தக் காருக்கு எஞ்சின் செய்த தொழிற்சாலைதான் இருபத்திரண்டு வயதில் அவளை நாசவேலைக்காரி என்று எழுதி வைத்து வெளியே தள்ளியது. அதன்பிறகு தெருவில் ஒரு கெஸ்ட்ரல் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வாசலில், தொண்ணூற்றாறாம் வருடம் ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை காலையில், அதே தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த அண்ணன் க்ளியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"வீனி, குனிய முடியலடி. கார் கண்காட்சியில இன்னிக்குத்தான் கடைசி சுத்து. சக்கரம் துடைக்கவாவது ஒரு ஆள் வேணும். உன் அண்ணி பெர்னிஸ் அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"எனக்கும் அந்தக் காருக்கும் ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"இரும்பு மேல என்னடி கோவம்? நடந்தது நடந்து போச்சு. விடு."

இந்த 'நடந்தது நடந்து போச்சு, விடு' என்பதை அவன் ஒவ்வொரு நவம்பரிலும் நன்றித் திருநாள் விருந்துக்கு வந்து, அவள் கையால் சமைத்த வான்கோழியைத் தின்றபடி சொல்வான். சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்பான். அவளும் வைப்பாள். கூடப் பிறந்தவன் ஒருவன்தான், என்ன செய்வது?

டெட்ராய்ட்டில் லிவர்னாய் சாலையில் லுவீனியாவுக்குச் சொந்தமாக ஒரு எஞ்சின் பட்டறை இருந்தது. எங்கே போனாலும் கருவிப் பை கூடவே போகும். அதைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் எறிந்துவிட்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் சிக்னலில் கார் நின்றது. சீட்டு நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது. அவள் மடியில் வைத்திருந்த கையும் நடுங்கியது.

"இது என்ன ஆட்டம்?"

"ஆட்டம் இல்லடி, உறுமல். எழுபத்தொண்ணு ஆரம்பத்துல வந்த ஸ்பெஷல் எஞ்சின் இது. இதைக் கேக்குறதுக்குன்னே ஆளுங்க ஓஹியோவுலேர்ந்து வர்றாங்க."

"வால்வைத் திறக்கிற கேம் தண்டு வேகமானதா இருந்து உறுமினா அதுல ஒரு தாளம் இருக்கும். இது ஒரு பக்கமா நொண்டுது. என்னிக்காவது பிரிச்சுப் பாத்தியா?"

க்ளியோ வண்டியை ஏறக்குறைய நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டான். "பிரிக்கிறதா? பைத்தியமா உனக்கு? எஞ்சின் தலைக்கடியில கம்பெனி போட்ட கேஸ்கெட் இன்னும் கலையாம இருக்கு. அதுக்குத்தான் மதிப்பே. ஒரு தடவை தலையைத் திறந்தா போச்சு."

இந்தக் கூட்டத்தின் வழக்கம் அப்படி. திறக்காத எஞ்சினுக்குத்தான் மரியாதை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு முப்பது மதிப்பெண் தனியாக உண்டு.

மைதானத்தில் முந்நூறு கார்கள் பானட்டைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தன. நடுவர்கள் அட்டையும் பேனாவுமாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கார்ப்புரேட்டரின் தகடு எழுபதாம் வருடத்தது, கார் அறுபத்தொன்பது, கழி ஐந்து. இந்தக் குழாயின் கிளிப் பின்னால் வாங்கியது, கழி ஒன்று. ஒருத்தன் இதற்காகக் கண் கலங்கி நின்றான். அவன் தாயார் செத்ததற்குக்கூட அப்படி அழுதிருப்பானா என்று லுவீனியாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

க்ளியோ பானட்டைத் தூக்கினான். லுவீனியா துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். எஞ்சின் பிளாக்கின் முன்பக்கத்தில், எண்கள் வெட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன நட்சத்திரமும் அதன் கீழே ஏழு என்ற எண்ணும் அடித்திருந்தன. அவள் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

அந்த முத்திரை விழும் சத்தம் அவள் காதில் இன்னும் இருந்தது. எழுபத்தொன்றாம் வருடம் ஜனவரியில் மூன்று நாள், அவள் முதுகுக்குப் பின்னால் ஃபோர்மேன் டுவைட் ஹேவர்காம்ப் சுத்தியலோடு நின்று ஒவ்வொரு எஞ்சினிலும் இதை அடித்தான்.

எழுபதாம் வருடத்து எஞ்சினுக்குப் பிஸ்டனின் தலை தட்டை. பெட்ரோலை அமுக்கிப் பிழிந்து அடிக்கும் எஞ்சின் அது, ஈயம் கலந்த நல்ல பெட்ரோல்தான் கேட்கும். எழுபத்தொன்றுக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஈயமில்லாத பெட்ரோலிலும் ஓட வேண்டும், கம்ப்ரஷனை, அந்த அமுக்கும் அழுத்தத்தைக் குறை. அதற்காகத் தலையில் கிண்ணம்போலக் குழி வைத்த பிஸ்டன் வந்தது. எஞ்சினுக்கு வலப்பக்கம் நாலு சிலிண்டர், இடப்பக்கம் நாலு. எஞ்சின் கட்டும் வரிசையில் வலப்பக்கத்துக்குப் பிஸ்டன் போடுவது லுவீனியா. எதிரே நின்று இடப்பக்கத்துக்குப் போடுவது வேறொருவன். அந்தத் திங்கட்கிழமை அவன் பக்கத்து டிரேயில் புதுக் குழிப் பிஸ்டன். அவள் பக்கத்து டிரேயில் பழைய தட்டை.

அவள் கையை உயர்த்திக் கத்தினாள். ஹேவர்காம்ப் வந்து பார்த்தான். "டிரேயில இருக்கறதைப் போடு. பாக்க உனக்குச் சம்பளம் இல்ல, போடத்தான் சம்பளம்" என்றான். மிச்சமிருந்த பழைய பிஸ்டனைக் குப்பையில் போட்டால் அவன் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வரிசையை நிறுத்தினால் அதற்கும் சொல்ல வேண்டும். அதனால் போடச் சொன்னான். பின்னால் தகராறு வந்தால் எது எது கலப்படம் என்று தனக்கு மட்டும் தெரிய, தன் முத்திரையை அடித்து வைத்தான். நாலாம் நாள் சோதனை அறையில் எஞ்சின்கள் குலுங்கின. ஐந்தாம் நாள் லுவீனியா விசாரணையில் நின்றாள். கறுப்புப் பெண், சின்ன வயது, வாய் நீளம். வேறு என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு? அவள் பக்கத்து டிரேயை வைத்தது யார் என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. இரவு ஷிப்டுக்காரர்கள் வைத்திருக்கலாம் என்று எழுதி முடித்தார்கள்.

"க்ளியோ, இந்த முத்திரையைப் பாத்துத்தான் வாங்கினியா?"

"பின்னே? நட்சத்திரம் ஏழுடி. மொத்தமே நூறு இருந்தா அதிகம். புத்தகத்துல போட்டிருக்கு, காருக்குள்ள முன்பெட்டியில இருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு அவன் ஹாட்டாக் வாங்கப் போனான்.

புத்தகத்தின் அட்டையிலேயே எழுதியவன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. டுவைட் ஹேவர்காம்ப். எந்த வருடத்துக் காரில் எந்தப் பாகம் என்று ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் வேதப் புத்தகத்தை இந்தப் பயலா எழுதியிருக்கிறான்? நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நாடா வைத்திருந்தது. 'நட்சத்திரம் ஏழு என்பது என் சொந்த முத்திரை. எட்டுப் பிஸ்டன்களையும் நானே கையில் எடுத்துப் பார்த்து, எடை போட்டு, பொருத்தமாகச் சேர்த்த எஞ்சின்களுக்கு மட்டும் அதை அடித்தேன்' என்று எழுதியிருந்தான். அடுத்த பக்கத்தில் இன்னொன்று. 'அதே மாதம், நிர்வாகத்தின் மேல் வன்மம் கொண்ட ஒரு பெண் தொழிலாளி சில எஞ்சின்களில் பிஸ்டன்களை மாற்றிப் போட்டாள். அவை எல்லாம் பிடிபட்டு உடைக்கப்பட்டன. அவளும் அனுப்பப்பட்டாள்.'

ஒரு பெண். பெயர்கூடப் போடவில்லை. அவள் வாழ்க்கையை எடுத்து மூன்று வரியில் மடித்து வைத்துவிட்டு, அவளுக்குப் பெயர்கூடக் கொடுக்கவில்லை. இதை அவள் அண்ணன் பணம் கொடுத்து வாங்கி, நாடா வைத்துப் படித்திருக்கிறான். புத்தகத்தை வீசி எறிய ஓங்கினாள். பிறகு எறியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

மதியம் ஒலிபெருக்கியில் ஹேவர்காம்ப்பின் குரல் கேட்டது. தலை நரைத்து, வயிறு முன்னால் வந்து, ஊர்ப் பெரிய மனிதனாக மைக்கோடு நடந்து வந்தான். பின்னால் அறுபது எழுபது பேர். அறுபத்தொன்பதில் பெரிய கார்ப்புரேட்டர், எழுபதில் அதைவிட வேகமான கேம், எழுபத்தொன்றில் கம்ப்ரஷனை வெட்டினார்கள், எழுபத்திரண்டில் எஞ்சினை அளக்கும் விதத்தையே மாற்றி குதிரைத்திறனைக் காகிதத்திலும் வெட்டினார்கள் என்று வருடம் வருடமாகச் சொல்லி வந்தான். ஆட்கள் தலையாட்டி வந்தார்கள். க்ளியோவின் காருக்கு முன்னால் நின்றான்.

"இதோ, கேளுங்க. எல்லாரும் வெட்டிக்கிட்டிருந்த வருஷத்துல நான் மறைச்சு மறைச்சுக் கட்டின எஞ்சின். ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

க்ளியோ ஸ்டார்ட் செய்தான். கார் நொண்டி நொண்டி நடுங்கியது. கூட்டம் கை தட்டியது.

"அது உறுமல் இல்ல. அது வியாதி" என்றாள் லுவீனியா. மைக் பக்கத்தில் இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது.

ஹேவர்காம்ப் சிரித்தான். "மேடம், இது என்ன எஞ்சின்னு தெரியுமா உங்களுக்கு?"

"வலப்பக்கம் நாலு சிலிண்டரை நான்தான் கட்டினேன், மிஸ்டர் ஹேவர்காம்ப். எனக்குத் தெரியாதா? உங்க புத்தகத்துல 'ஒரு பெண்'ணுன்னு எழுதினீங்களே, அந்த ஒரு பெண் நான்தான். பேரு லுவீனியா டிஸ்டேல். அடுத்த பதிப்புல போட்டுக்குங்க."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. க்ளியோ இடுப்பு வலியையும் மறந்து ஓடிவந்து அவள் முழங்கையைப் பிடித்தான். "வீனி, வேணாம். மானத்தை வாங்காத. வா, போயிடலாம்."

"யார் மானம்? கையை எடுடா."

லுவீனியா கருவிப் பையைத் திறந்தாள். "எஞ்சினைப் பிரிக்க மாட்டேன், உங்க கேஸ்கெட்டைத் தொட மாட்டேன். எட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி கம்ப்ரஷன் மட்டும் பாக்குறேன். ஸ்பெஷல் எஞ்சின்னா எட்டும் ஒண்ணா இருக்கணும். இருந்தா, உங்க காலைத் தொட்டு மன்னிப்புக் கேக்குறேன்."

ஹேவர்காம்ப் நடுவர் பக்கம் திரும்பினான். நடுவர் ஆஸ்ட்ராண்டர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குழாய்க் கிளிப்புக்கெல்லாம் மதிப்பெண் கழித்து ஊர் வாயில் விழுந்த மனுஷன். அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "பிளக்கைக் கழட்டுறதுக்குத் தடை ஒண்ணும் இல்லையே" என்றார். பாவம், அவருக்கு விதி என்றால் விதிதான்.

அவள் பிளக்குகளைக் கழற்றி மட்கார்டின் மேல் பக்கத்துக்கு நாலாக அடுக்கினாள். தீப்பொறி விழாமல் இருக்க, சுருளிலிருந்து வரும் வயரை உருவிவிட்டாள். காரின் சொந்தக்காரன்தான் சாவி திருப்ப வேண்டும் என்றார் நடுவர். வேறு வழியில்லாமல் க்ளியோ ஏறி உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினான். அவள் வலப்பக்கம் முதல் துளையில் அழுத்தம் காட்டும் கேஜைப் பொருத்தினாள்.

"நூத்தி எண்பத்தஞ்சு" என்று ஆஸ்ட்ராண்டர் படித்து அட்டையில் எழுதினார். அடுத்தது நூற்றெண்பது. நூற்றெண்பத்தைந்து. நூற்றெண்பத்தைந்து.

லுவீனியா இடப்பக்கம் போனாள். கூட்டமும் கூடவே அந்தப் பக்கம் நகர்ந்தது.

"நூத்தி நாப்பத்தஞ்சு." ஆஸ்ட்ராண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அடுத்ததும் அதே. அதற்கடுத்தது நூற்றைம்பது. கடைசி நூற்று நாற்பத்தைந்து.

"பழைய எஞ்சின். அந்தப் பக்கம் பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், அவ்வளவுதான்" என்றான் ஹேவர்காம்ப்.

"நாலும் ஒரே அளவாத் தேயுமா? ஒரே பக்கமா? சரி, அதையும் பாத்துடுவோம்." அவள் எண்ணெய்க் குப்பியை எடுத்து இடப்பக்கத்து ஒவ்வொரு துளையிலும் ஒரு ஸ்பூன் விட்டாள். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு குபுக்கென்று ஏறும். இது பட்டறைப் பையனுக்கும் தெரிந்த விஷயம். க்ளியோ மறுபடி சாவியைத் திருப்பினான். முள் பழைய அளவிலிருந்து ஐந்துக்கு மேல் ஏறவில்லை.

"ரிங் நல்லா இருக்கு. இந்தப் பக்கம் குழி, அந்தப் பக்கம் தட்டை. பாதி எஞ்சின் எழுபது, பாதி எழுபத்தொண்ணு. இதுக்குத்தான் கை தட்டினீங்க" என்றாள் அவள் கூட்டத்தைப் பார்த்து.

"அப்படின்னா நீ கலந்ததுல ஒண்ணு தப்பிச்சு வெளிய வந்திருக்கு!" ஹேவர்காம்ப் இப்போது கத்தினான். "அன்னிக்கே நிரூபிச்சாச்சு. திமிர் பிடிச்சவ நீ, இன்னும் அடங்கல."

லுவீனியா புத்தகத்தை எடுத்து ஆஸ்ட்ராண்டரிடம் நீட்டினாள். "நூத்திப் பன்னெண்டாம் பக்கம். சத்தமாப் படிங்க சார்."

அவர் வகுப்பில் படிப்பதுபோலப் படித்தார். எட்டுப் பிஸ்டன்களையும் நானே கையில் எடுத்துப் பார்த்து, எடை போட்டு.

"கையில எடுத்துப் பாத்தியா, பாக்கலையா?" என்றாள் லுவீனியா. மரியாதை எல்லாம் போய்விட்டது. "பாத்திருந்தா நாலு தட்டை நாலு குழின்னு தெரிஞ்சேதான் முத்திரை அடிச்சே. பாக்கலைன்னா புத்தகம் முழுக்கப் பொய். எது? ரெண்டுல எது? வாயைத் திறடா!"

ஹேவர்காம்ப்பின் கழுத்து சிவந்தது. அவன் நாலு பக்கமும் பார்த்தான். ஒரு முகத்திலும் அவனுக்கு இடமில்லை. அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை அவன் சரியாகப் பார்த்தான்.

"நீ... நீ டிரே ஏத்திக்கிட்டு வர்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவன்தானே? விசாரணையில உன்னையும்தான் கேட்டாங்க. அவ பக்கத்து டிரேயை யார் வச்சதுன்னு கேட்டதுக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டியே. இப்பச் சொல்லு. நான் ஏதாவது சொன்னேனா? சொல்லு இவங்ககிட்ட!"

லுவீனியா அண்ணனைப் பார்த்தாள். க்ளியோ சாவியிலிருந்து கையை எடுத்தான்.

"சொன்ன" என்றான் க்ளியோ. "நீதான் சொன்ன. பழசையெல்லாம் வலப்பக்கத்துக்குக் கொண்டு போ, வெள்ளிக்கிழமைக்குள்ள தீரணும்னு. நான்தான் கொண்டு போய் வச்சேன். மூணு நாளும் நான்தான் வச்சேன்."

ஆஸ்ட்ராண்டர் என்ன நினைத்தாரோ, அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார். ஹேவர்காம்ப் மைக்கைக்கூடத் திருப்பிக் கொடுக்காமல் கையில் பிடித்தபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். அவனிடம் கையெழுத்து வாங்கப் புத்தகத்தோடு நின்றவர்கள் வழி விட்டார்கள். ஒருவரும் புத்தகத்தை நீட்டவில்லை. இந்த ஒரு காட்சிக்காக லுவீனியா இருபத்தைந்து வருடம் காத்திருந்தாள். அது அவள் கண்முன்னால் நடந்தபோது அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீயா வச்சே?" என்றாள்.

"பெர்னிஸ் அப்ப மாசமா இருந்தா, வீனி. ரெண்டு பேருக்கும் வேலை போயிருந்தா அம்மாவை யாரு பாத்திருப்பா? ஒருத்தராவது நிக்கணும்னு..."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? கம்பெனிகிட்ட வேணாம். என்கிட்ட! அடுப்படியில வச்சு, காதோட காதா சொல்லியிருந்தா ஏத்துக்கிட்டிருப்பேனேடா. ராத்திரி ஷிப்டுல எவன் எவன் இருந்தான்னு எத்தனை வருஷம் பேரு பேராத் திட்டினேன்! செத்துப் போனவனையெல்லாம் திட்டினேன். நீ எதிர உக்காந்து கேட்டுக்கிட்டு என் வீட்டு வான்கோழியைத் தின்ன!"

"இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலடி."

"அப்புறம் அதே எஞ்சினைத் தேடிப் புடிச்சு வாங்கி, மெழுகு போட்டுத் துடைச்சு வச்சிருக்க."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காரை விட்டு இறங்கவில்லை. கூட்டம் நாகரிகமாகக் கலைவதுபோலப் பாவனை செய்துகொண்டு நாலடி தள்ளி நின்றது.

லுவீனியா குனிந்து வலப்பக்கத்து நாலு பிளக்குகளையும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, கையால் திருகி, பிறகு ஸ்பேனர் வைத்து அளவாக முறுக்கினாள். வயர்களை அதனதன் வரிசைப்படி மாட்டினாள். அவசரப்படவில்லை. வேலையில் அவள் என்றைக்கும் அவசரப்பட்டதில்லை, அந்த மூன்று நாளும்கூட. முடித்துவிட்டு கேஜையும் ஸ்பேனரையும் பைக்குள் போட்டுப் பட்டையை இழுத்துக் கட்டினாள்.

இடப்பக்கத்து நாலு பிளக்கும் மட்கார்டின் மேல் கிடந்தன. அவற்றை வாரி எடுத்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அண்ணன் மடியில் போட்டாள். அவன் வெள்ளைக் கால்சட்டையில் கரி அப்பியது.

"என் பக்கத்தை நான் சரியாப் போட்டுட்டேன். அன்னிக்கும் போட்டேன், இன்னிக்கும் போட்டேன். மிச்சத்தை நீ போட்டுக்க."

"ஸ்பேனர் இல்லையேடி என்கிட்ட. குனியவும் முடியாது. வீட்டுக்கு எப்படிப் போறது?"

"நடந்தது நடந்து போச்சுன்னு விடு" என்று சொல்லிவிட்டு, லுவீனியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் சாலையைப் பார்த்து நடந்தாள்.